தெர்மாமீட்டரும் பதினான்கு இலக்கமும்

நம்முடைய உடம்புக்கு ஒரு எண் வந்திருக்கிறது. பதினான்கு இலக்கம். பெயர் ஆபா. 2020 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டைக் கொத்தளத்திலிருந்து அறிவித்தார்கள். ஆறு யூனியன் பிரதேசங்களில் ஒத்திகை பார்த்தார்கள். 2021 செப்டம்பர் 27இல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்று பெயர் மாற்றி நாடு முழுக்க விரித்தார்கள். இன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் கட்டம் கட்டமாக ஒரு படம் ஒட்டி, அதை போனில் பிடித்தால் ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்க வேண்டாம் என்கிறார்கள்.

இதைப்பற்றி நம் தோழர்களிடம் பேசினால் இரண்டே பதில்தான் வருகிறது. ஒன்று, 'இது கண்காணிப்பு அரசு, கிழித்துப் போடு'. சொல்கிறவர் அநேகமாக மாதச் சம்பளக்காரர். அவர் வீட்டில் காய்ச்சல் வந்தால் தில்லைநகரில் தெரிந்த டாக்டர் இருக்கிறார். இன்னொன்று தொண்டு நிறுவனத்தார் பதில்: 'தொழில்நுட்பத்துக்குச் சாதி கிடையாது, எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னால் சமம்'. இவர்களோடு எனக்கு வாக்குவாதமே வருவதில்லை, சிரிப்புதான் வருகிறது. சாதி இல்லாத தொழில்நுட்பம் என்று இந்த மண்ணில் ஒன்று இருந்ததா? ஏற்றம் இறைத்த கையும் கணக்கு எழுதிய கையும் ஒரே கையாகவா இருந்தன?

நான் வங்கியில் எழுத்தர். ஒரு மனுஷன் எண்ணாக மாறுகிற இடத்தில்தான் காலை பத்து மணிக்குப் போய் உட்காருகிறேன். அதனால் இந்த எண்ணின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

பலரும் நினைக்கிற மாதிரி நம் எல்லாருடைய ரத்த ரிப்போர்ட்டும் டில்லியில் ஒரே கம்ப்யூட்டரில் குவிந்து கிடக்கவில்லை. திட்டத்தின்படி பதிவு எந்த ஆஸ்பத்திரியில், எந்த லேபில் உண்டானதோ அங்கேயே இருக்கும். எண் என்பது அவற்றைக் கோர்க்கிற கயிறு. புதிதாக ஒரு டாக்டர் பழைய பதிவைப் பார்க்க வேண்டுமென்றால் நம் போனுக்குக் கோரிக்கை வரும். எந்தப் பதிவைக் காட்டலாம், எத்தனை நாளைக்கு என்று நாம் சம்மதம் கொடுக்க வேண்டும். கொடுத்ததைத் திரும்பவும் வாங்கிக்கொள்ளலாம். எண்ணே வேண்டாமென்றால் அழித்துவிடலாம். கட்டாயமில்லை என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். எழுத்தில் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான். தீண்டாமை ஒழிப்பும் எழுத்தில் 1950லிருந்து நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் பதிவு நமக்கு வேண்டியதில்லை என்று சொல்ல என்னால் முடியாது. என் அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் பன்னிரண்டு வருஷமாக. ஒரு மஞ்சப் பையில் எல்லாச் சீட்டையும் போட்டு வைத்திருக்கும். சில சீட்டில் எழுத்து போய் வெறும் காகிதம்தான் இருக்கிறது. சில சீட்டு கசங்கி மருந்துத் தூளோடு ஒட்டிக் கிடக்கிறது. ஒரு தடவை அந்தப் பையை எடுத்துப் போகாமல் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம் (பெயர் வேண்டாம், எல்லா ஊரிலும் அது இருக்கிறது). 'என்ன மாத்திரை சாப்புடுற?' என்று கேட்டார்கள். 'வெள்ளையா ஒண்ணு, ரோஸ்ல ஒண்ணு சார்' என்றது அம்மா. கேட்டவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். 'எந்த ஏரியா?' என்பது அடுத்த கேள்வி. அம்மா தெருப் பெயரைச் சொன்னது. அதற்குப் பிறகு அவர் அம்மாவோடு பேசவில்லை, என்னிடம்தான் பேசினார். அதுவும் என் சட்டைப் பையில் வங்கி அடையாள அட்டை தொங்கியதைப் பார்த்த பிறகு.

சேரியிலிருந்து போகிற நோயாளி வாயால் சொல்வது சாட்சியம் ஆவதில்லை. 'வலிக்குது' என்றால் நடிப்பு. 'போன மாசம் இங்கதான் பாத்தேன்' என்றால் பொய். 'மாத்திரை ஒழுங்காப் போடுறேன்' என்றால் அதுவும் பொய். காகிதம் இருந்தால் மட்டும் கொஞ்சம் நம்புகிறார்கள். அப்படியானால் மழையில் நனையாத, கரையான் அரிக்காத ஒரு பதிவு, அதுவும் என் அம்மா கையில் இருக்கும் பதிவு, அது ஒரு சின்ன ஆயுதம்தான். அதைக் கண்காணிப்பு என்ற ஒற்றைச் சொல்லால் தள்ளிவிட முடியாது.

பதிவு ஒழுங்காக இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே கதை இருக்கிறது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகைக்கு வந்த ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். அது எச்ஐவி தொற்றுள்ள ரத்தம். கொடுத்த இளைஞனுக்கு 2016லேயே ஒரு ரத்ததான முகாமில் தொற்று இருப்பது பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. அந்த விஷயம் தாளில் இருந்தது, அவனிடம் யாரும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து சொந்தக்காரருக்காக மறுபடி ரத்தம் கொடுக்கிறான். வெளிநாட்டு வேலைக்காகச் செய்த பரிசோதனையில்தான் அவனுக்கே தெரியவருகிறது. தெரிந்ததும் அவனே போய் ஆஸ்பத்திரியில் சொல்கிறான். அதற்குள் ரத்தம் ஏறிவிட்டது. அந்த மாசமே அவன் விஷம் குடித்துச் செத்தும் போனான். ஒருத்தன் உடம்பைப்பற்றிய உண்மை இரண்டு வருஷம் ஒரு அலுவலகத்தில் கிடந்தது, அந்த உடம்புக்குச் சொந்தக்காரன் கைக்கு மட்டும் வரவில்லை.

ஆகவே பதிவு வேண்டுமா வேண்டாமா என்பதில்லை பேச்சு. யார் எழுதுவது, யார் வைத்திருப்பது, யார் திறந்து பார்ப்பது என்பதுதான்.

இதில் நமக்கு அனுபவம் கொஞ்சம் அதிகம். ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் தன்வந்திரி சந்நிதி இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே ஆரோக்கியசாலை இருந்ததையும், அதைப் புதுப்பித்ததையும் 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. தமிழர் மருத்துவமனைப் பெருமை பேசுகிறவர்கள் மேடைக்கு மேடை இதைச் சொல்வார்கள். சொல்லட்டும். கல்லில் வெட்டி வைத்த அந்தச் சேதியைப் பக்கத்தில் போய்ப் பார்க்க எங்கள் தாத்தாவுக்கு 1947 ஆலய நுழைவுச் சட்டம் வரவேண்டியிருந்தது. வைத்தியசாலை உள்ளே, வியாதிக்காரன் வெளியே. கொள்ளிடக்கரைச் சேரியில் காலரா வந்தபோது அந்தக் கல்லில் எத்தனை வரி எங்களுக்காக இருந்தது?

பஞ்சமி நிலத்துக் கதையை இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கை கொடுத்தார், 1892இல் அரசாணை வந்தது, ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று நிலம் ஒதுக்கினார்கள், வேறு சாதியாருக்கு விற்க முடியாது என்று நிபந்தனையும் போட்டார்கள். பதிவேட்டில் நிலம் நம்முடையது. பதிவேடு கர்ணத்தினுடையது. பரம்பரைக் கர்ணத்தை 1980இல் ஒழிக்கிற வரை அந்த ஏடு எந்தத் தெருவில், எந்தத் திண்ணையில் இருந்தது என்று யாருக்குத் தெரியாது? பிறகு பட்டா கம்ப்யூட்டருக்குப் போனது. நிபந்தனை என்ற ஒரு சொல் பல இடங்களில் வழியிலேயே விழுந்துவிட்டது. 1994 அக்டோபர் 10இல் காரணைக்காகக் கூடியவர்கள்மேல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். ஏட்டிலிருந்து திரைக்கு மாறுகிறபோது எது விழும், எது ஏறும் என்பதை முடிவு செய்கிற விரல் ஒன்று இருக்கிறது. அந்த விரலுக்கு ஊர் உண்டு, தெரு உண்டு.

அடுத்தது தொடுதல் பற்றி.

1929 டிசம்பரில் காந்தியின் 'யங் இந்தியா'வில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத ஆசிரியர். அம்பேத்கர் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் அதை எடுத்து வைத்திருக்கிறார். ஆசிரியரின் மனைவி பிள்ளை பெற்று இரண்டு மூன்று நாளில் நோயில் விழுகிறாள். கூப்பிட்ட டாக்டர் சேரிக்குள் வர மாட்டேன் என்கிறார். பெரிய மனுஷர்களைப் பிடித்து, இரண்டு ரூபாய் ஃபீஸ் பேசி, சேரிக்கு வெளியே கொண்டு வந்து காட்டினால் பார்ப்பதாக ஒப்புக்கொள்கிறார். பச்சை உடம்புக்காரியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். முஸ்லிம் ஆசிரியரிடம் கொடுக்கிறார். ஆசிரியர் மனைவியிடம் கொடுக்கிறார். வந்த வழியே தெர்மாமீட்டர் திரும்பிப் போகிறது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்து, நிமோனியா என்று சொல்லி மருந்து அனுப்புகிறார் டாக்டர். அப்புறம் வரவே இல்லை. அவள் செத்துப் போகிறாள்.

அந்த வைத்தியத்தில் நாடி பிடிக்கவில்லை, நெஞ்சில் குழல் வைக்கவில்லை. தகவல் மட்டும் கைமாறியது. இந்தியாவின் முதல் தொலைமருத்துவம் என்று இதை நான் கசப்பாகச் சொல்வதுண்டு. 2020 ஏப்ரலில் ஊரடங்கு காலத்தில் ஈ-சஞ்சீவனி புறநோயாளிப் பிரிவு தொடங்கி, திரையில் டாக்டரைப் பார்க்கலாம் என்றபோது எல்லாரும் பாராட்டினார்கள். பஸ் இல்லாத நாளில் பலருக்கு உதவியது, அதை மறுக்க முடியாது. தமிழ்நாட்டில் நிறையப் பேர் பயன்படுத்தினார்கள். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. தொட வேண்டிய அவசியமே இல்லாத ஒரு வைத்திய முறை பரவினால், தொடாமலிருக்க வேறு காரணம் வைத்திருப்பவருக்கு அது எவ்வளவு வசதி! தொடமாட்டேன் என்று இனி யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. 'நெட்ல பாத்துக்கலாம்' என்றால் போதும். ஊருக்கு ஆஸ்பத்திரி, சேரிக்கு ஆப் என்று ஆகிவிடாமல் பார்க்க வேண்டியது யார்?

நேர் எதிரான உதாரணமும் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், பெண்கள் வீடு வீடாக வந்து பிரஷர் பார்த்து, சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுத்து, போனிலும் ஏற்றினார்கள். எங்கள் தெருவுக்கு வந்த அக்கா என் அம்மா கையைப் பிடித்துத்தான் பட்டையைச் சுற்றியது. அந்த அக்கா வாங்கியது மாதச் சம்பளம்கூட இல்லை, ஊக்கத்தொகை. தொட்டவருக்கு ஊக்கத்தொகை, தொடாமல் திரையில் கணக்குப் பார்க்கிறவருக்கு ஊதிய விகிதம். இது பழைய கணக்குத்தானே.

இனி சாதி என்கிற கட்டத்துக்கு வருகிறேன். 2020 ஆகஸ்டில் இந்தத் திட்டத்துக்கான தகவல் மேலாண்மைக் கொள்கையின் வரைவை வெளியிட்டார்கள். கருத்துச் சொல்ல முதலில் கொடுத்த அவகாசம் ஒரே வாரம், எதிர்ப்பு வந்த பிறகு நீட்டினார்கள். நுண்ணுணர்வுத் தகவல் எவை என்ற பட்டியலில் பாலியல் வாழ்க்கை, மரபணு, அரசியல் நம்பிக்கை இவற்றோடு சாதி, பழங்குடி என்பதும் இருந்தது. 'உடம்புக்கு வைத்தியம் பார்க்கிறவனுக்குச் சாதி எதுக்கு?' என்று அப்போது பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பாதிக் கேள்வி.

மீதிப் பாதி இது. 2019இல் நாடாளுமன்றத்துக்கு வந்த தனிநபர் தகவல் பாதுகாப்பு மசோதாவிலும் உடல்நலமும் சாதியும் நுண்ணுணர்வுத் தகவல் என்று தனியாகக் காப்பு பெற்றிருந்தன. அந்த மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள். 2023 ஆகஸ்டில் வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகையே கிடையாது. என் அம்மாவின் மார்பக ஸ்கேனும், நான் பீட்சாவுக்குக் கொடுத்த விலாசமும் சட்டத்தின் முன் ஒரே சரக்கு. நுண்ணுணர்வு என்று சொன்னால் பட்டியலில் சேர்த்துவிட்டான் என்று கத்தினோம். பட்டியலையே எடுத்தபோது யாரும் கத்தியதாக என் காதில் விழவில்லை.

சாதியைப் பதியவே கூடாதா? ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி, செத்துப்போன தலித் பெண்களின் சராசரி வயது 39.5, உயர்சாதிப் பெண்களுடையது 54.1. பதினாலரை வருஷ வித்தியாசம். இந்த எண்ணைச் சொல்லாமல் நம் பெண் தோழர்கள் கூட்டத்தில் பேசுவதில்லை. ஆய்வுக்காரர் சாதி கேட்டு எழுதியதால்தான் அந்த எண் கிடைத்தது. கேட்காமல் விட்டிருந்தால் அந்தச் சாவுகள் வெறும் சாவுகள்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. கொரோனா சமயத்தில் எல்லார் விரலிலும் மாட்டினார்களே பல்ஸ் ஆக்சிமீட்டர், அது கறுப்புத் தோலில் ஆக்சிஜனை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுகிறது என்று 2020 டிசம்பரில் ஆய்வு வந்தது. வெள்ளை நோயாளிகளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகக் கறுப்பு நோயாளிகளின் மூச்சுக்குறைவை அது கவனிக்காமல் விட்டிருக்கிறது. கம்ப்யூட்டர் பதிவில் இனம் என்ற கட்டம் இருந்ததால் கண்டுபிடித்தார்கள். இங்கே வயலில் கறுத்த எத்தனை விரலில் அந்தக் கருவி 95 காட்டியதோ, வீட்டுக்குப் போ என்று அனுப்பினார்களோ, எண்ணிப் பார்க்க நம்மிடம் கட்டம் இல்லை.

அதே நாட்டில் 2019இல் இன்னொரு ஆய்வு. யாருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஆஸ்பத்திரிகள் ஒரு கணினிக் கணக்கை வைத்திருந்தன. அந்தக் கணக்கு நோயை அளக்கவில்லை, நோயாளிக்கு இதுவரை ஆன செலவை அளந்தது. கறுப்பர்களுக்கு வைத்தியச் செலவு குறைவாக ஆகியிருந்தது. ஆகவே அவர்களுக்கு நோய் குறைவு என்று முடிவு கட்டியது. சரி செய்து பார்த்தபோது கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பர்கள் 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 ஆனார்கள். நம் சேரிகளில் வலியோடு எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்கே போகாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள்! அவர்கள் பெயரில் பதிவு இல்லை. நாளைக்கு ஒரு எந்திரம் எண்ணைப் பார்த்து, பதிவில்லாதவர் நோயில்லாதவர் என்று சொல்லும். இதை எப்படி மறுப்போம்?

என் நிலை இது: கூட்டத்தை எண்ணுகிறபோது சாதியை எண்ணு. எந்தச் சாதிக்காரர் எந்த நோயில் எந்த வயதில் சாகிறார் என்று வருஷா வருஷம் வெளியிடு. ஆனால் நான் டாக்டர் முன்னால் உட்காரும்போது அவர் திரையில் என் சாதி இருக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துக் கேட்பது முரண் என்று ஒரு நண்பர் சொன்னார். முரண் இல்லை. எனக்கு வேலை தந்த ரோஸ்டரில் என் சாதி இருக்க வேண்டும். இடமாற்றலில் நான் புதுக் கிளைக்குப் போய்ச் சேருமுன்னே என் சாதி போய்ச் சேர்ந்து, டிபன் டப்பா திறக்கிற மேசையில் எனக்காகக் காத்திருக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இடஒதுக்கீட்டில் வேலைக்குப் போன எல்லாருக்கும் தெரியும்.

என் கவுண்டருக்கு வருகிறவர்களைப்பற்றிக் கொஞ்சம். காசநோய்க்காரர்களின் பெயர் நிக்ஷய் என்ற தளத்தில் ஏறுகிறது. 2018 ஏப்ரலிலிருந்து சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டார்கள், 2024 நவம்பரிலிருந்து 1000. நல்ல காரியம். பணம் வந்ததா என்று கேட்க அவர்தான் வர வேண்டும். போனுக்குச் சேதி வந்தாலும் போன் பேரனிடம். கூட்டத்தில் கண்ணாடிக்கு வாயைக் கிட்டே வைத்து, 'சார், அந்தப் பணம் வந்திருச்சா?' என்பார். 'எந்தப் பணம்?' என்று பக்கத்துக் கவுண்டர் சத்தமாகக் கேட்கும். அவர் பேசாமல் நிற்பார். பின்னால் நிற்பவர் ஓர் அடி தள்ளி நிற்பார். ஆதாரைக் கடைசியாக எந்த வங்கியில் இணைத்தாரோ அங்கே போய்ப் பணம் விழுந்திருக்கும், அந்தக் கணக்கு இருப்பதே அவருக்கு மறந்து போயிருக்கும். குப்பை அள்ளித் தேய்ந்த விரலை எந்திரத்தில் வைத்தால் ரேகை விழாது. மறுபடி வை, மறுபடி வை. எண் ஆளைத் தேடி வராது சார், ஆள்தான் எண்ணைத் தேடி அலையணும்.

வேலையில் சேர்ந்த அன்று வங்கி என்னிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியது. விசுவாசம், ரகசியம் காப்பதற்கான உறுதிமொழி. அரசு வங்கிகளில் இது சட்டப்படியே உண்டு. ஆனால் வங்கியில் ரகசியம் காக்கப்படுவது உறுதிமொழியால் மட்டும் என்று நான் நம்பவில்லை. நான் யாருடைய கணக்கைத் திறந்தாலும் என் பணியாளர் எண்ணும் நேரமும் அங்கே பதிந்துவிடும். வேண்டாத கணக்கை ஏன் பார்த்தாய் என்று நாளைக்குக் கேட்க முடியும். அந்தப் பயம்தான் பலபேரை யோக்கியனாக வைத்திருக்கிறது. எஸ்டோனியா என்று ஒரு சின்ன நாடு, 2008லிருந்து நாடு முழுக்க மருத்துவப் பதிவை ஒன்றாக்கி வைத்திருக்கிறது. அங்கே நோயாளி தன் பதிவைத் திறந்தால் எந்த டாக்டர், என்றைக்கு அதைப் பார்த்தார் என்பதும் தெரியும். இங்கே நம்மிடம் ஓடிபி கேட்கிறார்கள். உள்ளே போனவர் பெயரை நம்மிடம் சொல்வார்களா? என் பாட்டியின் கருப்பை நீக்கிய சேதியை எந்த ஒப்பந்தப் பணியாளர் எந்த ராத்திரியில் பார்த்தார் என்று ஒரு சேரிப் பெண் தன் போனில் பார்க்க முடிகிற நாளில் நான் இந்தத் திட்டத்தை மனமாரப் புகழ்ந்து ஒரு கவிதைகூட எழுதுவேன்.

பூட்டு எவ்வளவு உறுதி என்பதையும் பார்த்துவிட்டோம். 2021இல் தடுப்பூசிக்கு ஆதார் காட்டியவர்கள் பலருக்குக் கேட்காமலே சுகாதார எண் உருவாகிவிட்டதாகச் செய்திகள் வந்தன. 2022 நவம்பர் 23இல் டில்லி எய்ம்ஸ் கம்ப்யூட்டர்களை யாரோ முடக்கி, பல நாள் பழையபடி பேனாவும் காகிதமுமாக வேலை நடந்தது. 2023 ஜூனில் டெலிகிராமில் ஒரு போன் எண்ணைப் போட்டால் கோவின் விவரம் கொட்டியது. ஆதாரமற்ற செய்தி என்றது அரசு, பிறகு ஆளைக் கைது செய்தது. 2024இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் அதே டெலிகிராமில் கிடைத்தன. இதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்குத் தூக்கம் கெட்டது வேறு ஒரு விஷயத்தில். எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு தம்பி. வேறு மாவட்டம். அவன் மனைவி அந்த ஊர் ஆதிக்கச் சாதி. ஓடி வந்து திருவானைக்கோவில் பக்கம் ஒற்றை அறையில் இருந்தார்கள். அவளுக்கு நாலு மாசம். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். 'நம்பர் போடுவாங்க அண்ணா' என்றாள். கர்ப்பத்தைப் பிக்மியில் பதிந்தால்தான் பன்னிரண்டு இலக்க எண், எண் இருந்தால்தான் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதையே கேட்கிறார்கள். புருஷன் பெயர், விலாசம், ஆதார், போன் எல்லாம் ஏறும். அவள் சித்தப்பா மகள் சொந்த ஊர் சுகாதார நிலையத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள்.

தெருவுக்கு வந்த நர்ஸம்மாவிடம் என் மனைவி விஷயத்தைச் சொல்லி, 'இதுல ஏத்துனா அவங்க ஊருக்குத் தெரியுமா சிஸ்டர்?' என்று கேட்டாள். அந்த அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. 'தெரியாதுன்னுதான் சொல்லியிருக்காங்க. தெரியாதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாதும்மா' என்றார்.

2016 மார்ச் 13இல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தில் பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்களே, அவர்கள் ஆளைத் தேடித்தான் அலைந்தார்கள். இனித் தேடுகிறவனுக்கு அலைச்சல் மிச்சம். சம்மதம், ஓடிபி, குறியாக்கம் என்று பேசுகிறவர்கள் யாரும் இந்த அறைக்குள் உட்கார்ந்து யோசித்தவர்கள் இல்லை. அவர்கள் மனதில் உள்ள நோயாளிக்குச் சொந்த போன் உண்டு, சொந்த அறை உண்டு, உறவுக்காரர்கள் அவளைக் கொல்ல மாட்டார்கள். தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21 கணக்கில், தானே பயன்படுத்தும் செல்போன் வைத்திருக்கிற இந்தியப் பெண்கள் 54 விழுக்காடு. இணையத்தை எப்போதாவது தொட்டவர்கள் 33. மீதிப் பெண்களின் ஓடிபி யார் கையில் விழுகிறது? புருஷன், அண்ணன், மகன், சில சமயம் ரேஷன் கார்டுக்கு நம்பர் கொடுத்த மளிகைக் கடைக்காரர். சம்மதம் கொடுப்பது அவர்.

அந்தப் பெண் ஐந்தாம் மாசம் பதிந்துகொண்டாள். வேறு வழியில்லை, ரத்தம் எட்டுக்குக் கீழே இருந்தது. போன் எண் என் மனைவியுடையது. 

படிக்கிற தம்பி தங்கைகளுக்குச் சொல்ல நினைப்பது: லீவில் ஊருக்குப் போகிறபோது தெருவில் யார் யாருக்கு இந்த எண் போட்டிருக்கிறது, எந்த போனில் இணைந்திருக்கிறது என்று வீடு வீடாகக் கேளுங்கள். மளிகைக் கடை நம்பர் என்றால் மாற்றிக் கொடுங்கள். இது அரை மணி நேர வேலை. எண் இல்லாததால் ஓ.பி. சீட்டு இல்லை என்று எங்கேயாவது சொன்னால் எழுத்தில் வாங்குங்கள். கட்டாயமில்லை என்பது அவர்கள் கொள்கை, அவர்கள் வாயாலேயே அதை மீற வையுங்கள். காகிதச் சீட்டைத் தூக்கிப்போட விடாதீர்கள், எய்ம்ஸிலேயே கடைசியில் காகிதம்தான் கை கொடுத்தது. மஞ்சப் பையில் இருப்பதை போனில் படம் பிடித்து வையுங்கள், ரிப்போர்ட்டைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். சர்க்கரை அளவு என்றால் என்ன, கிரியாட்டினின் என்றால் என்ன என்று அம்மாவுக்கே தெரிந்துவிட்டால் 'வெள்ளையா ஒண்ணு, ரோஸ்ல ஒண்ணு' என்று கேட்டு எவரும் சிரிக்க முடியாது.

இயக்கம் செய்ய வேண்டியது வேறு. என் பதிவை யார் திறந்தார்கள் என்ற பட்டியல் எனக்குத் தமிழில் வர வேண்டும். சாதி மறுப்பு மணம் செய்து ஒளிந்திருப்பவர்களின் கர்ப்பப் பதிவை மாவட்டத்துக்கு வெளியே யாரும் பார்க்க முடியாதபடி பூட்ட வேண்டும். துப்புரவு வேலை செய்கிறவரின் பதிவில் அவர் தொழில் இருக்க வேண்டும், நுரையீரல் கெட்டதற்கு நாளைக்கு நஷ்டஈடு கேட்க அதுதான் சாட்சி. இந்த மூன்றையும் மாவட்ட ஆட்சியர் குறைதீர் நாளில் மனுவாகக் கொடுக்கலாம் என்று தோழர்களிடம் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை எனக்கு லீவு கிடைக்காது. வாசகங்களை நான் எழுதித் தருகிறேன்.